பழைய சத்தம்

"நல்லா ஓடுற வண்டியை வெச்சுக்கிட்டு யாராவது சண்டைக்கு வருவாங்களா பாபி?"

மெக்கானிக் தேஸ்ராஜ் கேட்டது நியாயமான கேள்விதான். பாலம்பூர் பஜாரில் இருபத்திரண்டு வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறான். ரிப்பேர் சரியில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சரியாகிவிட்டது என்று சண்டைக்கு வந்தவள், அவன் 'பாபி', அதாவது அண்ணி, என்று கூப்பிடும் நண்பன் குல்தீப்பின் மனைவி சுதர்ஷனா ஒருத்திதான்.

மூன்று நாளைக்கு முன்னால் புருஷனின் பதினாலு வருஷத்துப் பழைய பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தாள். டிசம்பர் குளிரில் காலையில் ஸ்டார்ட் செய்தால், ஆக்ஸிலேட்டரிலிருந்து கையை எடுத்ததுமே நின்றுவிடுகிறதாம். கையை எடுத்தாலும் ஐந்து நிமிஷம் தானாக ஓட வேண்டும், அது போதும் என்றாள்.

சூடான இன்ஜின் பொய் சொல்லும், ஆறிக் கிடக்கும் இன்ஜின்தான் நிஜம் சொல்லும் என்பது தேஸ்ராஜின் கட்சி. மறுநாள் காலையில் அது ஜில்லிட்டுக் கிடக்கும்போது உதைத்துப் பார்த்தான். கார்பரேட்டரில் ஊசித் துவாரம் அடைத்திருந்தது. ஊதிச் சுத்தம் செய்து, கையை எடுத்தாலும் ஓடும்படி ஐட்லிங் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்தான். அதோடு விட்டிருக்கலாம். இன்ஜினின் மேல்பக்கம் டக் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. வால்வைத் தட்டும் டேப்பெட்டின் இடைவெளி கூடிப்போயிருந்தது. நண்பன் வண்டியாயிற்றே என்று சொல்லாமலே அதையும் சரிசெய்து கொடுத்துவிட்டான்.

அதுதான் வினையாகப் போயிற்று.

"நிக்காம ஓடணும்னுதானே சொன்னேன். சத்தத்தை யாரு தொடச் சொன்னது? பழையபடி டக் டக்னு கேக்கணும் பாய் சாப். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

ஊரில் அவளைப் பற்றி ஏற்கெனவே தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நாலு மாசத்துக்கு முன்னால் குல்தீப் அவளை விட்டுவிட்டு, சண்டிகரில் இன்னொருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். அவனைத் திட்ட யாருக்கும் மனசு வரவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அம்மா பெயரில் வருஷா வருஷம் தேவி கோயிலில் பண்டாரா நடத்தி, ஊரையே உட்காரவைத்துச் சாப்பாடு போட்டவன். சாப்பிட்ட வாய் எப்படித் திட்டும்? அப்படிப்பட்டவனே ஓடிவிட்டான் என்றால் இவள் வாய் எவ்வளவு நீளம் இருக்கும் என்றுதான் பேசிக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, விடிந்தும் விடியாமலும் பைக்கை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை போய், அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து திரும்புகிறாள். மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டினார்கள்.

தேஸ்ராஜும் ஊரில் ஒருத்தன்தானே. அவனால் வாயை அடக்க முடியவில்லை.

"பெத்தவளைத் தெய்வமா வெச்சிருந்தவன். அவனைத் துரத்தியாச்சு, இப்ப வண்டியோட மல்லுக்கு நிக்கிறீங்க. இடைவெளியை மறுபடி கூட்டினா வால்வு அடிவாங்கும். ஆறு மாசத்துல இன்ஜின் படுத்துரும், பரவாயில்லையா?"

"ஆறு மாசம் போதும்," என்றாள் சுதர்ஷனா. "அவரோட அம்மாவுக்கு டாக்டர் அதைவிடக் கம்மியாத்தான் சொல்லியிருக்கார்."

டீ குடித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

மகன் வீட்டை விட்டுப் போனது மாமியாருக்குத் தெரியாதாம். தெரிந்தால் அன்றைக்கே மூச்சு அடங்கிவிடும். அதனால் தினமும் ஆறு மணிக்கு வாசலில் பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய் டீயோடு மாமியார் பக்கத்தில் நிற்பாளாம். வெளியே வண்டி உறுமுகிறது, மருமகள் உள்ளே நிற்கிறாள். அப்படியானால் கிளம்புவது மகன்தானே? பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் போய், வண்டியை முனையில் விட்டுவிட்டு ஓடி வருவாள். மாத்திரை மயக்கத்தில் மாமியார் சாயங்காலமே தூங்கிவிடுவதால், திரும்பி வரும் சத்தத்துக்கு அவசியமில்லை; இருட்டியதும் வண்டியைத் தள்ளியே கொண்டுவந்துவிடுவாள். பிள்ளை வேலைக்குப் போய்விட்டான் என்று நிச்சயமான பிறகுதான் கிழவி ரொட்டியைத் தொடுவாள்.

வண்டி பட்டறையில் இருந்த ஒரு நாள், பஸ்ஸில் போனார் என்று சமாளித்தாயிற்று.

"நேத்து சத்தமில்லாம ஓடவும், 'இது யார் வண்டி, என் பிள்ளை எங்க'ன்னு கேட்டுட்டாங்க. இன்னிக்கும் அதேதான். ரெண்டு நாளா பச்சைத் தண்ணி இறங்கல பாய் சாப்."

தேஸ்ராஜ் ஸ்பானரை எடுத்து டேப்பெட் மூடியைக் கழற்ற ஆரம்பித்தான். அவனுக்கு அவமானமாக இருந்தது. தான் சொன்ன வார்த்தைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் வழி தெரியவில்லை. இருந்தாலும் ஒரு சந்தேகம் அவனை அரித்தது.

"சத்தம் சரி பாபி. நாலு மாசமா அவன் அந்த ரூமுக்குள்ள வந்து முகத்தைக் காட்டலையேன்னு அம்மா கேக்க மாட்டாங்களா?"

சுதர்ஷனா வண்டியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இங்க இருந்தப்ப மட்டும் என்னிக்குக் காட்டினார்? மூணு வருஷமா, நாத்தம் அடிக்குதுன்னு அந்த ரூம் வாசப்படியை மிதிச்சதில்ல. அம்மாவுக்குப் பிள்ளைன்னா இந்தச் சத்தம் மட்டும்தான்."