இதமான காட்சி

பிரமிளாவுக்கு இதயம் பலவீனம். அதனால் எங்கள் டிவியில் போர்ச் செய்திகளை ‘இதமான காட்சி’யில் வைத்திருந்தேன். அதில் இறந்தவர்கள் தெரியமாட்டார்கள். டிவியே அவர்களை அழித்துவிடும். நான்கு பேர் மூச்சு வாங்க ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அதன்மேல் ஒன்றும் இருக்காது. நாங்கள் இட்லி சாப்பிட்டபடி பார்ப்போம். நல்ல வசதி என்று பக்கத்து வீட்டுக்கும் நானே வைத்துக் கொடுத்தேன்.

எங்கள் மகன் ரெஜின் போர் நடக்கும் அந்த ஊரில்தான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறான். அவன் முகம் எங்காவது வருமா என்றுதான் தினமும் பார்ப்பது.

இன்று காலை நேரலையில் வந்தான். வண்டிக்குப் பக்கத்தில் நண்பன் ஆன்டோவோடு நின்று ஏதோ சொல்லிச் சிரித்தான்.

“மெலிஞ்சிட்டான், பாத்தீங்களா?” என்றாள் பிரமிளா.

பெரிய சத்தம் கேட்டது. கேமரா ஆடி, புகையைக் காட்டிவிட்டு, திரும்ப அதே இடத்துக்கு வந்தது. ரெஜின் இல்லை. ஆன்டோ மட்டும் சாலையில் மண்டியிட்டு, தரைக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றை இரண்டு கையாலும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தான்.

“அந்தப் பையன் என்னங்க செய்றான்? நம்ம புள்ள எங்க?”

“தண்ணி எடுக்கப் போயிருப்பான்” என்றேன்.

ரிமோட் என் கையில்தான் இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் தெரிந்துவிடும். நான் அமுக்கவில்லை.

அவள் எழுந்துபோய், டிவி திரையில் ஆன்டோவின் கைகளுக்குக் கீழே காலியாகக் கிடந்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தாள்.

“இந்த இடம் இன்னும் சூடா இருக்குங்க” என்றாள்.