ராயின் வலது கை

"அவன் கை போச்சு டாக். காயத்தால போச்சா, வயசால போச்சா? அதை மட்டும் சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

மேனேஜர் ஆல்வின் சூயிங் கம்மை மென்றபடியே சொன்னார். டெக்சஸ் வெயில் மைதானத்தை வறுத்துக்கொண்டிருந்தது. சீஸனுக்கு முந்தைய பயிற்சி முகாமின் கடைசி நாள். அணியில் யாருக்கு இடம் என்பது மாலைக்குள் தெரிந்துவிடும்.

மீனாக்ஷி அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர். ஊரின் சின்ன பேஸ்பால் அணிக்கும் அவள்தான் டாக்டர். மண்மேட்டில் நின்று பந்து போட்டுக்கொண்டிருந்த ராயைப் பார்த்தாள். நாற்பதை நெருங்கும் வயது. ஆட்டம் கைநழுவும் நேரத்தில் கடைசியாக இறங்கி, எதிரணியைச் சுருட்டி எடுப்பதுதான் இத்தனை வருடமாக அவன் வேலை. போன சீஸனில் மணிக்குத் தொண்ணூற்று மூன்று மைல் வேகத்தில் பறந்த பந்து, இந்த வாரம் எண்பத்து நாலைத் தாண்டவே இல்லை.

"காயம்னா என்ன பண்ணுவீங்க?"

"சம்பளம் குடுத்து குணமாக்கணும். பழைய ஆட்களுக்கு அதான் ரூல். வயசுன்னா, இன்னிக்கே வீட்டுக்கு."

ராயை உள்ளே அழைத்துப்போய் மேசையில் உட்காரவைத்தாள். வலது கையைத் தூக்கினாள், திருப்பினாள், தோளை அழுத்தினாள்.

"இங்க வலிக்குதா?"

"இல்ல டாக்."

"இங்க?"

"இல்ல."

முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எங்கும் ஒரு குறையும் இல்லை.

"பின்ன ஏன் ராய் வேகம் வரல?"

"வயசாகுதில்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் சிரிப்பு.

கதவுக்கு வெளியே மதன் காத்திருந்தான். மீனாக்ஷியின் ஒரே மகன். டாக்டருக்குப் படி என்றால் மாட்டேன் என்று சொல்லிவிட்டு பேஸ்பாலுக்கு வந்தவன். பேட் பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சர். முகாம் முழுக்க ராயின் பந்துகளைப் பிடித்தவன் அவன்தான். புதுப் பையன், இன்னும் ஒப்பந்தம் ஆகவில்லை. அவன் தலையெழுத்தும் இன்று மாலைதான் தெரியும்.

"அம்மா, வாட் டிட் யூ ஃபைண்ட்?"

"ஒண்ணுமே இல்லடா. இருபது வயசுப் பையன் தோள் மாதிரி இருக்கு."

மதனின் முகம் வெளிறிப்போனது.

"காயம்னு சொல்லும்மா. ப்ளீஸ். ஜஸ்ட் ஸே இட்."

"இல்லாத காயத்தை எப்படிடா சொல்றது?"

"யூ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட். ராயை அனுப்பிடுவாங்கம்மா."

"தெரியும்டா. எனக்கு மட்டும் கஷ்டமா இல்லையா? தினமும் அவன் பந்தைப் புடிக்கறவன் நீ. என்ன ஆச்சுன்னு உனக்கு ஏதாவது தெரியுமா?"

மதன் கழற்றாத கையுறையோடு விடுவிடுவென்று மைதானத்துக்குள் போய்விட்டான்.

மீனாக்ஷி அங்கேயே நின்றாள். ராய் அவள் வீட்டுக்கு வந்து சாம்பார் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான். மதனைத் தம்பி போல நடத்துகிறான். ஒரு சின்னப் பொய் சொன்னால் போதும், அவன் பிழைத்துக்கொள்வான். ஆனால் இத்தனை வருட டாக்டர் வேலையில் அவள் அப்படி ஒரு பொய் சொன்னதில்லை.

ஆல்வினிடம் போனாள்.

"காயம் எதுவும் இல்ல."

"அப்ப முடிஞ்சுது."

ராயைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் ஆல்வின் விஷயத்தைச் சொன்னார். ராய் வாதாடவில்லை. தொப்பியைக் கழற்றினான். தலையாட்டினான். மேனேஜரிடம் கைகுலுக்கக் கையை நீட்டினான்.

"நில்லுங்க!"

மதனின் குரல். அவன் தன் இடத்தில் போய்க் குந்தி உட்கார்ந்திருந்தான்.

"ராய்! ஒரே ஒரு பந்து. உன்னோட நெஜமான பந்து."

"வேணாம் மதன்." ராய் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"போடு!"

"சொன்னா கேளு. எழுந்திரு."

"எனக்காக நீ எதுவும் பண்ண வேணாம். போடு ராய்!"

ஆல்வின் ஒன்றும் புரியாமல், வேகம் பார்க்கும் கருவியைக் கையில் எடுத்தார். ராய் மண்மேட்டில் ஏறி வெகுநேரம் நின்றான். ஒரு தடவை மீனாக்ஷியைப் பார்த்தான். பிறகு காலைத் தூக்கினான்.

பந்து யார் கண்ணிலும் படவில்லை. பலகை பிளந்த மாதிரி சத்தம் மட்டும் கேட்டது.

"தொண்ணூத்தி நாலு!" ஆல்வின் கத்தினார். "கடவுளே, தொண்ணூத்தி நாலு!"

ஆட்டக்காரர்கள் விசில் அடித்தார்கள். மீனாக்ஷி தன்னை மறந்து கைதட்டினாள். ராய் மட்டும் அந்த எண்ணைத் திரும்பிப் பார்க்கவில்லை. மதனை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான்.

மதன் மண்ணில் சுருண்டு கிடந்தான்.

மீனாக்ஷி ஓடிப்போய்ச் சேர்வதற்குள், ராய் அவன் இடது கையிலிருந்து கையுறையை மெதுவாக உருவியிருந்தான். மணிக்கட்டு கன்றிக் கறுத்து, இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. இன்று பட்ட அடி இல்லை அது.

"போன வாரமே உடைஞ்சிருச்சு டாக்," என்றான் ராய். "வெளிய தெரிஞ்சா அனுப்பிடுவாங்க, யார்கிட்டயும் சொல்லாதேன்னு அழுதான். நான் வேகமா போட்டா பாவம், அந்தக் கையால எப்படிப் புடிப்பான்?"