தாத்தா அடித்த கொள்ளை

படம் பார்த்து முடிந்ததும் நேராக அதன் மூலக்கதையை எழுதிய நாவலாசிரியர் அருண்பாண்டியன் வீட்டுக்குப் போனேன்.

“உன் நாவல்ல வெள்ளைக்காரனோட கஜானா வண்டியைக் கொள்ளையடிச்சது யாருய்யா? எங்க தாத்தா பங்காரு! படத்துல அதே வண்டியை என் பள்ளிப்பட்டு சம்பந்தியோட தாத்தா கொள்ளையடிக்கிறாரு. எங்க தாத்தா ஓரமா நின்னு மாட்டுக்குத் தண்ணி காட்டுறாரு!”

“சினிமான்னா கொஞ்சம் மாத்துவாங்க, நைனா.”

“மாத்துவாங்களா? திருத்தணி தியேட்டர் வாசல்ல சம்பந்தி அவரு தாத்தா கட்-அவுட்டுக்குப் பால் ஊத்திகினு இருக்காரு. என்னைப் பார்த்து, ‘மாட்டுக்காரர் பேரன் போறாரு’ன்னு ஜனம் சிரிக்குது. மாத்தச் சொன்னவன் யாரு? பேரைச் சொல்லு!”

அருண்பாண்டியன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

“நீங்கதான், நைனா.”

“நானா?”

“நாவல் வந்தப்போ ஆளுங்களோட வந்து என் சட்டையைப் பிடிச்சீங்க. எங்க வம்சத்துல திருடனே கிடையாது, எடுத்துடுன்னீங்க. டைரக்டர்கிட்ட சொன்னேன். அவரு உங்க தாத்தா பேரை நீக்கினதும் உங்க சம்பந்தி போய், அந்தக் கொள்ளையை எங்க தாத்தாவுக்குக் குடுங்கன்னு கேட்டு வாங்கிகினாரு.”

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

“ரெண்டாம் பாகம் எடுக்கிறாங்களா?”

“ஆங், எடுக்கிறாங்க.”

“எங்க குடும்ப கௌரவத்துக்கு, அதுல எங்க தாத்தா ஒரு கொலையாவது பண்ணியாவணும். சொல்லிடு.”