பக்கத்துக் குழாய்

“நூத்தியெட்டும் வேண்டாம், நூத்தியொம்பதும் வேண்டாம். எனக்கு ஒண்ணுமில்ல!”

ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள் சண்முகத்தாய். கெண்டைக்காலில் ஒரு கீறல். செண்பகத்தோப்புப் பக்கம் மாந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது வேலிக்கம்பி கிழித்தது என்றாள் அவள். பாம்பு கொத்தியது என்றான் புருஷன் வேல்பாண்டி. வெயில் ஏறும்வரை தோப்பிலேயே சண்டை போட்டு, கடைசியில் வண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்திருந்தான்.

“சுருட்டை விரியன், சிஸ்டர்! இவ காலடியில சருகுக்குள்ள போனத என் கண்ணால பாத்தேன். ஊசியப் போடுங்க.”

“பாம்பு போனா கொத்துனதா அர்த்தமா? பஸ்சு போனா நான் ஏறிட்டேன்னு அர்த்தமா?”

நர்ஸ் ஜூடிக்குச் சிரிப்பு வந்தது. “விஷமுறிவு மருந்த சும்மா போட முடியாதுண்ணே. அக்கா ரத்தத்தையே கேட்டுருவோம்.”

சுத்தமான கண்ணாடிக் குழாயை எடுத்தாள். “ரத்தத்துல நூலுக்கான சரக்கு கரைஞ்சு கெடக்கு. காயம் பட்டா ஒண்ண ஒண்ணு எழுப்பிவிட்டு, நூலா மாறி, வலை பின்னி ஓட்டைய அடைச்சிரும். கண்ணாடி பட்டாக்கூட காயம்னு நெனச்சுப் பின்ன ஆரம்பிச்சிரும். போதும்னு நிறுத்தவும் உள்ளயே ஆளு இருக்கு. விரியன் விஷம் புகுந்தா அந்தக் கட்டுப்பாடு போச்சு. சரக்கு அம்புட்டையும் வீணா நூத்துத் தீத்துரும். நல்ல ரத்தம்னா இந்தக் குழாயில இருபது நிமிஷத்துல உறைஞ்சிரும்; விஷம் ஏறுன ரத்தம் அப்பவும் தண்ணியா ஓடும்.”

“பஞ்சு தீந்த மில்லு மாதிரி,” என்றாள், ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்திருந்த சண்முகத்தாய். “அப்ப எடுங்க. ஆனா பக்கத்துல இவரு ரத்தத்தையும் வைங்க. யாரு ரத்தம் ரோஷமான ரத்தம்னு பாத்துருவோம்!”

“வைங்க சிஸ்டர். என் ரத்தம் இரும்பு.”

“அதுவும் நல்லதுதான். ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு ஆளு ரத்தம் வேணும்.” ஜூடி இருவர் ரத்தத்தையும் எடுத்து, பெயரெழுதி ஒட்டி, இரண்டு குழாய்களையும் அசையாமல் நிறுத்தினாள்.

வேல்பாண்டி உட்காரவில்லை. வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தான்.

“ஏட்டி, தலை சுத்துதா?”

“நீங்க நடக்கிறதப் பாத்தாத்தான் சுத்துது.”

“உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா…”

“ஆகாது. ஆனாலும் பெரியாஸ்பத்திரிக்கு வரமாட்டேன்.”

நேரமானதும் ஜூடி ஒரு குழாயைச் சாய்த்தாள். கட்டித் தயிர் போல, ரத்தம் இடத்தைவிட்டு அசையவில்லை. அடுத்ததைச் சாய்த்தாள். ரத்தம் மளமளவென்று விளிம்புக்கு ஓடிவந்தது.

“ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!” என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

“சொன்னேன்ல! எந்திரிட்டி!” வேல்பாண்டி பெண்டாட்டியைத் தூக்கக் கையை நீட்டினான்.

“மாட்டேன்!”

“அக்கா வர வேண்டாம். ஓடுனது உங்க ரத்தம்ணே,” என்ற ஜூடி, சேறு அப்பியிருந்த அவன் காலில் தண்ணீரை ஊற்றினாள்.

கணுக்காலுக்குக் கீழே இரண்டு புள்ளிகளில் ரத்தம் இன்னும் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது.

“இவளப் பிடிச்சு இழுக்க ஓடி வந்தேன்ல…” வேல்பாண்டி முழித்தான். “அப்பச் சுருக்குன்னுச்சு. கல்லுன்னு நெனச்சேன்.”