கொள்கை எழுதியவர்

சண்டை திரும்பவும் தொடங்கிய வருடம் அது. இராணுவ முகாமில் மூன்று நாள் விசாரணை முடிந்து வந்த காத்தமுத்துவைப் பார்க்க மன்னாரில் பாதிச் சனம் கூடிவிட்டது. அருளப்பன் மாஸ்டரும் வயிறெரிய வந்து சேர்ந்தார்.

இருவரும் நடத்திய முற்போக்கு வலைப்பூவின் ஏழு கொள்கைகளையும் எழுதியவர் மாஸ்டர். காத்தமுத்து அதைக் கணினியில் அடித்துக் கொடுத்தவன், அவ்வளவுதான். ஆனால் ஏழாவது கொள்கை, யாரும் பெயர் போடக்கூடாது, புகழ் எல்லோருக்கும் பொது என்பது. அதை ஏன் எழுதித் தொலைத்தோம் என்று இரண்டு வருடமாக வெந்துகொண்டிருந்தார் மாஸ்டர். இப்போது அந்தப் பொதுப் புகழ் முழுவதும் வீங்கிய உதட்டோடு கதிரையில் உட்கார்ந்து சோடா குடித்தது.

"என்னெண்டு தம்பி பிடிபட்டனீர்?"

"உங்களைத் தேடித்தான் நான் நிக்கிற கொம்பியூட்டர் கடைக்கு வந்தவங்கள், மாஸ்டர். கொள்கை எழுதினது நீங்கள் எண்டு ஆரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறான். நீங்கள் சீனி வருத்தக்காரர், அடி தாங்கமாட்டீங்கள். நான்தான் எழுதினனான் எண்டிட்டன்."

பக்கத்து வீட்டுத் திரேசம்மா கண்ணைத் துடைத்தாள். "பெத்த பிள்ளையும் இப்பிடிச் செய்யாது, மாஸ்டர்."

'என்ர கொள்கையை நீர் எழுதினனீரோ?' என்பது மாஸ்டரின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"கடிதம் எழுதின நாசமாப்போனவன் ஆரடா?" என்றாள் திரேசம்மா.

"பேர் போடேல்லை அக்கா. வாசிச்சுக் காட்டினவங்கள். மாஸ்டரில நல்ல மரியாதை உள்ளவன்போல கிடக்கு. பேரறிஞர் அருளப்பன் எண்டு மூண்டு இடத்தில எழுதியிருக்கிறான்."

"நாலு இடத்தில," என்றார் மாஸ்டர்.