இரண்டு சென்டிமீட்டர்

"நிறுத்துங்க, அந்த இடத்துலயே நிறுத்துங்க," என்றாள் ஹிசாயோ.

திரையில் இரண்டு கைகள் அசையாமல் நின்றன.

முகம் காட்டாத காணொளி அது. கைகள், கேமரா, கீழே எழுத்து, அவ்வளவுதான். 'இந்த டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை நம்பி வாங்காதீர்கள். ஃபோக்கஸ் இரண்டு சென்டிமீட்டர் பின்னால் விழுகிறது' என்றது அந்த எழுத்து. நான்கு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

தோக்கியோவின் நகானோவில், பழைய கேமராக் கடை ஒன்றின் மாடியில், மாதத்தின் முதல் ஞாயிறு பிற்பகல் ஆறு பேர் கூடுவார்கள். இப்படிப்பட்ட காணொளிகளை ஓடவிட்டு, சொன்னதெல்லாம் உண்மைதானா என்று அதே கேமராவை வைத்துச் சோதித்து, பலகையில் மதிப்பெண் போடுவார்கள். இன்றைக்கு இதைச் சோதிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் ஹிசாயோ.

பல் மருத்துவர் நிட்டா சோதனைக்கு முன்பே பத்துக்கு ஒன்பது எழுதிவிட்டார்.

"நாலு லட்சம் பேரும் முட்டாளு, நீங்க ஒருத்தர்தான் அறிவாளியா, ஹிசாயோ-சான்? அந்த ஆள் மேல அப்படி என்ன காண்டு உங்களுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். குரோசு சிரிக்கவில்லை.

அவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். இரண்டு வருடம் ஆசைப்பட்டு வாங்கிய அதே கேமரா அவர் மடியில் இருந்தது. காணொளியைப் பார்த்த நாளிலிருந்து, தான் எடுத்த படங்களிலெல்லாம் அவருக்கு மங்கல்தான் தெரிந்தது. ஐந்து மணிக்குக் கீழே போய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவதாக இருந்தார்.

"அதைக் கொஞ்சம் கொடுங்க, குரோசு-சான்."

ஹிசாயோ மேசையில் ஒரு அளவுகோலைச் சாய்த்து வைத்தாள். காணொளியில் இருந்த அதே பழைய லென்ஸைப் பையிலிருந்து எடுத்தாள். திருகு லென்ஸ். இந்தக் கேமராவில் அதை மாட்ட இடையில் ஒரு வளையம் வேண்டும். வளையத்தோடு மாட்டினாள்.

கேமராவின் பார்வைக் கண்ணாடிக்குள் அளவுகோலின் பூஜ்யக் கோடு இரண்டாகத் தெரிந்தது. லென்ஸைத் திருகித் திருகி ஒன்றாக்கினாள். அழுத்தினாள்.

படம் திரையில் வந்தது. பூஜ்யம் மங்கல். இரண்டு சென்டிமீட்டர் பின்னால் கோடு பளிச்சென்று இருந்தது.

நிட்டா கைதட்டினார். குரோசு தலையைக் குனிந்துகொண்டார்.

ஹிசாயோ அந்த வளையத்தைக் கழற்றினாள். காகிதத்தில் சுற்றியிருந்த புது வளையம் ஒன்றைப் பிரித்து மாட்டினாள். மூன்று வாரமாக அவள் சரியாகத் தூங்கவில்லை.

மீண்டும் கோட்டை ஒன்றாக்கினாள். அழுத்தினாள்.

பூஜ்யம் ஊசியால் கீறியதுபோல் நின்றது.

நம்பிக்கை வராமல் இன்னும் ஐந்து எடுத்தாள். ஐந்திலும் பூஜ்யம்.

"கேமரா சுத்தம்!" ஹிசாயோ அறை அதிரக் கத்திவிட்டாள். "அந்த வளையம்தான் ஒரு முடியளவு தடிமன் கூட. கேமராவுல ஒரு குறையும் இல்ல, குரோசு-சான், ஒரு குறையும் இல்ல!"

குரோசு எழுந்து, தன் லென்ஸை மாட்டி, வாரைக் கழுத்தில் போட்டு, வாய் பிளந்து நின்ற நிட்டாவைப் படம் எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தார்கள். பல் மருத்துவரின் கடைவாய்ப் பல்லில் இருந்த அடைப்பு வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. சிரிப்புச் சத்தத்தில் கீழே இருந்த கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"உங்ககிட்ட திருப்பித் தர மாட்டேன்," என்றார் குரோசு அவரிடம்.

ஹிசாயோ பலகைக்குப் போய், ஒன்பதை அடித்துவிட்டுப் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டாள்.

நிட்டாவுக்கு மனம் ஆறவில்லை. "அதெல்லாம் சரி. அந்த ஆள் எந்த வளையம் மாட்டினார்னு வீடியோவுல தெரியவே இல்லையே. இதேதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஹிசாயோ ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. கைபேசியில் அந்தக் காணொளியைத் திறந்து, அதைப் போட்டவர் மட்டுமே மாற்றக்கூடிய தலைப்பை அழித்துவிட்டு, புதிதாக எழுதினாள்:

'இதில் சொன்னது தவறு. பிழை கேமராவில் இல்லை, நான் மாட்டிய வளையத்தில்.'