டை-ஹார்ட் திருமலை

"டை-ஹார்ட்னா, எத்தினி தடவ தோத்தாலும் புடிச்சத வுடாதவன். தன் ஆளுங்கள நட்டாத்துல வுடாதவன். யாராவது உதாரணம் சொல்லுங்க பாக்கலாம்," என்றார் லோகநாதன்.

"நம்ம திருமலை அண்ணன்தான் சார்," என்றான் ஜெயவேல். வகுப்பே சிரித்தது.

தப்பில்லை. எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத்துக்காக ஏழாவது தடவையாக அந்த ஆரணி டுடோரியலில் சேர்ந்திருந்தார் திருமலை. வயது முப்பத்திரண்டு. போன வருஷம்தான் வேலைக்கு வந்த வாத்தியார் லோகநாதனுக்கோ இருபத்தைந்து. பட்டுத் தறியை விட்டு எழுந்து நேரே வருகிற திருமலைக்கு, பெஞ்சில் உட்கார்ந்ததும் தலை தொங்கிவிடும்.

அவரைத் தட்டி எழுப்பத்தான் அவர் அம்மா மருமகள் தேவகியையும் கூடவே அனுப்பி வைத்தாள். வந்த இடத்தில் சும்மா இருப்பானேன் என்று அவளும் படித்தாள். மற்ற பாடமெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே தேறிவிட்டவள். ஆங்கிலத்தில் மட்டும் ஆறு தடவையும் நாலைந்து மார்க்கில் கோட்டை விட்டாள். இது ஒன்று கைகூடினால் ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விடலாம். லோகநாதனுக்கு அவள்மேல்தான் நம்பிக்கை.

வகுப்பு முடிந்ததும் திருமலையைத் தனியே கூப்பிட்டார்.

"மனசுல வச்சிக்காதீங்க. உங்களுக்கு இது ஒத்து வராது. தறி வேலையப் பாருங்க. உங்க வீட்டுக்காரம்மா மட்டும் வரட்டும்."

திருமலைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அப்படிச் சொல்லாதீங்க சார். இந்த ஒரு தடவ. இனிமே தூங்க மாட்டேன்."

மறுநாளும் தூங்கினார். இந்த மனுஷனுக்கு எதற்கு இந்த வீம்பு என்று லோகநாதனுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் விரட்ட மனசு வரவில்லை.

ஜூன் மாதம் ரிசல்ட் வந்தது. பேப்பரில் தேவகியின் நம்பர் இருந்தது. அவள் அந்த இடத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். திருமலையோ லட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, தானே பாஸான மாதிரி எல்லார் வாயிலும் திணித்துக்கொண்டிருந்தார்.

லோகநாதனுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு நல்ல மனுஷனையா விரட்டப் பார்த்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"கவலப்படாதீங்க திருமலை. செப்டம்பர்ல ஒரு கை பாத்துடலாம். உங்க சர்ட்டிபிகேட் உங்க கைக்கு வர்ற வரைக்கும் நான் உங்கள வுடறதா இல்ல."

திருமலை வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அது மூணு வருஷமா எங்க தறிக்குழியில தகர டப்பாவுல கீது சார். நான் மொத தடவையே பாஸாயிட்டேன்னு தெரிஞ்சிருந்தா, எங்கம்மா இவள இங்க அனுப்பியிருக்குமா?"